ஒட்டினது ஒரு நிமிஷம்... உரிக்கிறது ஒரு யுகம்!

காலேஜ் பார்க்கிங்கில் ஒரு ரவுண்டு அடிச்சுப் பாருங்க பாஸ். எந்தக் காராக இருந்தாலும் சரி, முன் கண்ணாடியைப் பார்த்தாலே ஓனரோட முழு ஜாதகமும் தெரிஞ்சுடும். போன வருஷத்து பார்க்கிங் பாஸ், அதுக்கு முந்தின வருஷத்து பாஸ், அப்பார்ட்மென்ட் நம்பர், கல்ச்சுரல்ஸ்ல 'வாலன்டியர்'னு கொடுத்த வட்டம், குலதெய்வம், ஒரு ஹீரோ, அந்த ஹீரோவுக்குக் கீழே பாதி கிழிஞ்ச இன்னொரு ஹீரோ!

ஒட்டும்போது யாரும் யோசிக்கிறதே இல்லை. பின்னாடி இருக்கிற பேப்பரை உரிச்சோமா, 'சப்'புனு ஒட்டினோமானு கிளம்பிடறோம். மூணு வருஷம் கழிச்சு நகத்தால சுரண்டும்போதுதான் சங்கதியே தெரியும். படம் வந்துடும்... பசை வராது. வெள்ளையா பேப்பர் தும்பு, அதைச் சுத்தி மஞ்சளா ஒரு திட்டு, அது மேல ரோட்டுத் தூசி!

"பார்க்க அசிங்கமா இருக்கும், அவ்ளோதானே?"னு கேட்கிறவங்க, திண்டுக்கல்லில் பி.எஸ்ஸி., செகண்ட் இயர் படிக்கிற தம்பி ஒருத்தர் எழுதியிருக்கிறதைக் கொஞ்சம் படிங்க.

"அண்ணே, எங்க அப்பா நிலக்கோட்டையில இருந்து மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகைப்பூ மூட்டை ஏத்திட்டுப் போறாரு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பினாத்தான் சரியா இருக்கும். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஆம்னி வாங்கினோம். முன்னாடி ஸ்கூல் பசங்களை ஏத்தின வண்டி. கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர். பேப்பரை எல்லாம் கிழிச்சிட்டோம், கோந்து மட்டும் அப்படியே நிக்குது. அதுல ஒண்ணு கரெக்ட்டா அப்பா கண்ணுக்கு நேரா. எதிர்ல லாரி வந்தா அவரு தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு ஓட்டுறாரு. நான் கூடப் போறப்ப பார்த்தேன். ஷெட்ல கேட்டா கண்ணாடியையே மாத்திடச் சொல்றாங்க, அதுக்கு இப்ப காசு இல்ல. ஃப்ரெண்டு பெட்ரோல் போட்டுத் துடைக்கச் சொல்றான். பிளேடு வச்சு சுரண்டலாமாண்ணே?"

இருட்டு ரோட்டுல, தலையைச் சாய்ச்சுக்கிட்டு வண்டி ஓட்டுற ஒரு அப்பா. இதுக்கு மேல இந்த மேட்டருக்கு முன்னுரை வேணுமா?

அந்தத் திட்டு பகல்ல பெருசா தெரியாது. வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமா இருக்கிறதால கண்ணு அதைத் தாண்டிப் பார்த்துக்கும். ராத்திரியில எதிர் வண்டியோட ஹெட்லைட் நேரா அந்தப் பசை மேல விழுது. பசையிலயும் அதுல ஒட்டின தூசியிலயும் பட்டு வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுது. கோலி குண்டு சைஸ் திட்டு, கண்ணுக்குள்ள தாம்பாளத் தட்டு சைஸுக்கு வெள்ளையா விரியும். அதுக்குப் பின்னாடி சைக்கிள்ல ஒருத்தர் வந்தா, அந்த நொடியில அவர் அங்கே இல்லை! வயசு ஏற ஏற இந்தக் கூச்சம் இன்னும் ஜாஸ்தி ஆகும். உங்களுக்கு 'லேசா மங்கல்'னு தெரியறது அப்பாவுக்குச் சுவர் மாதிரி தெரியலாம். உங்க வண்டியில இது எவ்வளவுனு தெரியணுமா? ராத்திரி வண்டியை நிறுத்திட்டு டிரைவர் சீட்டுல உட்காருங்க. எதிர்ல தள்ளி ஒரு ஃப்ரெண்டை பைக் ஹெட்லைட் போடச் சொல்லுங்க. தெரிஞ்சுடும்.

சரி, சட்டையை மடிச்சு விட்டுட்டு இறங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். கண்ணாடியில இருக்கிற எல்லாமே குப்பை இல்லை பாஸ். 2019 ஏப்ரல் 1-க்கு அப்புறம் தயாரான வண்டிகள்ல, உள்பக்கமா இடது மேல் மூலையில ஒரு ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருக்கும். பெட்ரோல், சி.என்.ஜி. வண்டின்னா வெளிர் நீலம், டீசல்னா ஆரஞ்சு. அது நம்பர் பிளேட்டுக்குச் சமம். பழைய ஸ்டிக்கர்னு நினைச்சு கை வெச்சீங்கன்னா, திரும்ப ஒட்ட முடியாத மாதிரி பிய்ஞ்சு வரும். தொடாதீங்க.

அடுத்து ஃபாஸ்டேக். 2021 பிப்ரவரியில இருந்து நாலு சக்கர வண்டிக்கெல்லாம் கட்டாயம் ஆச்சே, அதேதான். அதையும் உரிச்சா உருப்படியா வராது. உள்ளே இருக்கிற மெல்லிய ஆன்டெனா அறுந்துடும். செகண்ட் ஹேண்ட் வண்டியில பழைய ஓனரோட டேக் இருந்தா, முதல்ல அவரை அவரோட பேங்க் மூலமா அதை க்ளோஸ் பண்ணச் சொல்லுங்க. இல்லைன்னா நீங்க டோல்கேட் தாண்ட, அவர் அக்கவுன்ட்ல காசு போய்க்கிட்டே இருக்கும்! க்ளோஸ் பண்ணின பிறகு சுரண்டலாம். புது டேக்கை 'அப்புறம் ஒட்டிக்கலாம்'னு டேஷ்போர்டுல போட்டு வைக்கிற ஐடியா வேண்டாம். ஒட்டாம கையில தூக்கிக் காட்டுற டேக்குகளை பிளாக் லிஸ்ட் பண்ணுவோம்னு தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையிலயே சொல்லிடுச்சு.

இன்னொண்ணு, கண்ணாடி ஓரத்துல கறுப்பா ஒரு பட்டையும் அதை ஒட்டிப் புள்ளிப் புள்ளியாவும் இருக்கும். அது யாரோ ஒட்டின ஃபிலிம் இல்லை, கண்ணாடியோட சேர்த்துச் சுட்ட எனாமல். அதைச் சுரண்டி எடுக்கப் பார்க்கிறவங்களும் நம்ம ஊர்ல உண்டு!

இப்ப பசைக்கு வருவோம். எதிரியைத் தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. ஸ்டிக்கர் பசை ஃபெவிகால் மாதிரி காய்ஞ்சு கெட்டியாகிற ஜாதி இல்லை. அது காயவே காயாது. ரொம்ப ரொம்பக் கெட்டியான ஒரு திரவம்னு வெச்சுக்கங்க. அழுத்தினா கண்ணாடியோட கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்துக்குள்ள மெதுவா வழிஞ்சு உட்கார்ந்துக்கும். அதனாலதான் ஒட்டின அன்னிக்கு ஈஸியா வர்ற ஸ்டிக்கர் ஒரு மாசம் கழிச்சு வர மாட்டேங்குது. வெடுக்குனு இழுத்தா அது கெட்டிப் பொருள் மாதிரி முறைக்கும், பேப்பர்தான் கிழியும். மெதுவா இழுத்தா திரவம் மாதிரி வழிவிடும். சூடு காட்டினா இன்னும் இளகும். (1968-ல் அமெரிக்காவில் 3எம் கம்பெனி விஞ்ஞானி ஸ்பென்சர் சில்வர், பலமான பசை கண்டுபிடிக்கப் போய், லேசா ஒட்டி ஈஸியா வர்ற பசையைக் கண்டுபிடிச்சார். பின்னாடி 'போஸ்ட் இட்' நோட்டுல வந்தது அதுதான். நம்ம காலேஜ் பாஸ் அடிக்கிறவங்க கண்ணுல அது படலை பாருங்க!)

நம்ம வெயில்ல வருஷக்கணக்கா வெந்தா கதை வேற. சாதா பேப்பர் ஸ்டிக்கர்ல இருக்கிறது பெரும்பாலும் ரப்பர் வகைப் பசை. அது மஞ்சளாகி, இறுகி, வத்தல் மாதிரி ஆயிடும். தம்பி வண்டியில இருக்கிறது இதுதான்னு நினைக்கிறேன். வினைல் ஸ்டிக்கர்ல இருக்கிறது அக்ரிலிக் பசை, வெயிலைக் கொஞ்சம் தாங்கும். வினைல்னா புரியலையா? நாம 'ரேடியம் ஸ்டிக்கர்'னு சொல்றோமே, அதுதான். அதுல ரேடியமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, பேரு மட்டும் நிலைச்சிடுச்சு.

முழு ஸ்டிக்கர் இன்னும் கண்ணாடியில இருக்கா? கொடுத்து வெச்சவங்க நீங்க. ஹாஸ்டல்ல யார்கிட்டயாவது ஹேர் ட்ரையர் இருக்கும், கடன் வாங்குங்க. ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, ஒரே இடத்துல நிறுத்தாம ஆட்டிக்கிட்டே ஒரு நிமிஷம் காட்டுங்க. கை வெச்சா சுடணும், ஆனா பொறுக்கிற சூடுதான். ஒரு மூலையை நகத்தால கிளப்பி, கண்ணாடியை ஒட்டின மாதிரி மடிச்சு, மெதுவா... ரொம்ப மெதுவா இழுங்க. ரேடியம் கட்டிங் கடை அண்ணன்கள் உரிக்கிறதைக் கவனிச்சிருக்கீங்களா? ஏதோ குழந்தையை எழுப்பாம போர்வையை உருவுற மாதிரி உருவுவாங்க. ஹேர் ட்ரையர் இல்லைன்னா பதினோரு மணி வெயில்ல வண்டியை நிறுத்துங்க, அதுவே போதும். ஆனா கொதிக்கிற தண்ணியை ஊத்தற வேலை வேண்டவே வேண்டாம். வெயில்ல காய்ஞ்ச கண்ணாடியில ஜில் தண்ணி ஊத்தறதும் அதே தப்புதான். கல்லு தெறிச்சு சின்னதா ஒரு புள்ளி விழுந்திருந்தா போதும், அந்த அதிர்ச்சியில கோடு ஓடிடும்.

2024 மே 2-ல் இருந்து சென்னையில போக்குவரத்து போலீஸ், தனியார் வண்டிகள்ல இருக்கிற 'பிரஸ்', 'போலீஸ்', 'தலைமைச் செயலகம்' மாதிரியான ஸ்டிக்கர்களுக்கு நடவடிக்கைன்னு அறிவிச்சாங்க. செக்கிங் பயத்துல வெடுக்குனு கிழிச்சா என்ன ஆகும்? 'பி' போயிடும், 'ரஸ்' நிற்கும்!

தம்பி கேஸ்ல பேப்பரே இல்லை, வெறும் பசை. இங்கே சூடு பாதிதான் உதவும், எண்ணெய்தான் ஹீரோ. கெமிஸ்ட்ரியில 'லைக் டிஸால்வ்ஸ் லைக்'னு படிச்சீங்களே, பரீட்சையோட மறந்துட்டீங்களா? ரப்பர் பசை தண்ணிக்கு மசியாது, எண்ணெய்க்கு மசியும். வீட்டுல இருக்கிற தேங்காய் எண்ணெயே போதும், ஆனா அது நிதானமான ஆளு. வேகம் வேணும்னா நீலகிரி தைலம். ஊட்டி டூர்ல வாங்கி, யாரும் தொடாம அலமாரியில ஒரு பாட்டில் இருக்குமே, அது. டபிள்யூடி-40 ஸ்ப்ரே இருந்தா அதுவும் ஓகே.

ட்ரிக் என்னன்னா, தேய்க்கிறதுல இல்லை, ஊற வைக்கிறதுல இருக்கு. பசை வெளிப்பக்கமா, உள்பக்கமானு ரெண்டு பக்கமும் நகத்தால தடவிப் பார்த்துக்கங்க. உள்பக்கம்னா டேஷ்போர்டு மேல பழைய துண்டைப் போட்டு, எல்லாக் கதவையும் திறந்து வைங்க. வண்டி நிழல்ல நிற்கணும், கண்ணாடி ஆறியிருக்கணும். முதல்ல தண்ணியில தூசியைக் கழுவிடுங்க. பஞ்சையோ பனியன் வேஸ்ட்டையோ எண்ணெயில நனைச்சு, பசை மேல அப்பி, மேல ஒரு பாலிதீன் கவர் துண்டை ஒட்டி அரை மணி நேரம் விட்டுடுங்க. நடுவுல டீ சாப்பிடலாம். திரும்பி வந்தா பசை கொழகொழன்னு ஆகியிருக்கும். காலாவதியான ஏ.டி.எம். கார்டால ஒரே பக்கமா வழிச்சு எடுங்க. ஒரே தடவையில வராது. பத்து வருஷப் பசைன்னா மூணு தடவை ஊற வைக்கணும், அதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போயிடும். போகட்டும்.

ஒரு எச்சரிக்கை... நீலகிரி தைலமும் தீப்பிடிக்கிற சாமான்தான். சூடு முதல்ல, எண்ணெய் அப்புறம். எண்ணெய் தடவின இடத்துல ஹேர் ட்ரையர் கூடவே கூடாது.

எண்ணெய்க்கு மசியலைன்னா அது அக்ரிலிக்கா இருக்கலாம். கொரோனா சமயத்துல வாங்கின ஆல்கஹால் சானிடைஸர் (கொழகொழ ஜெல் இல்லை, தண்ணி மாதிரி இருக்கிறது) அல்லது மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற சர்ஜிகல் ஸ்பிரிட். துணியில நனைச்சு ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிச்சுத் துடைங்க. நெயில் பாலிஷ் ரிமூவரும் வேலை செய்யும், அதுல இருக்கிற அசிட்டோன் கண்ணாடியை ஒண்ணும் பண்ணாது. ஆனா ஒரு சொட்டு டேஷ்போர்டு பிளாஸ்டிக்லயோ பானெட் பெயின்ட்லயோ விழுந்தா, ஸ்டிக்கர் கறைக்குப் பதிலா நிரந்தரமா வேற ஒரு கறை! அதனால என் ஓட்டு ஸ்பிரிட்டுக்குத்தான்.

இப்ப பிளேடு. தம்பி, சுரண்டலாம். ஆனா கண்டிஷன்ஸ் அப்ளை! பலர் நினைக்கிற மாதிரி கண்ணாடியைக் கீறுறது முக்கியமா பிளேடு இல்லை. கண்ணாடியோட கடினம் மோஸ் அளவுகோல்ல சுமார் 5.5. பிளேடு ஸ்டீலும் கிட்டத்தட்ட அதே ரேஞ்ச். வில்லன் யார்னா பசையில மாட்டின ரோட்டு மணல். குவார்ட்ஸ், அது 7. காய்ஞ்ச கண்ணாடியில பிளேடை இழுத்தா அது அந்த மணலைத் தள்ளிக்கிட்டுப் போய்க் கோடு கோடா கிழிக்கும். கார் பாடியில கீறல்னா பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சுடலாம். கண்ணாடிக்குப் பட்டி கிடையாது பாஸ். ராத்திரியில ஒவ்வொரு கீறலும் ஹெட்லைட்ல ஒரு வெள்ளைக் கோடு. திட்டை எடுக்கப் போய்க் கோடு வாங்கின கதை ஆயிடும்.

அதனால பிளேடு கடைசி ஆயுதம். புது பிளேடா, கைப்பிடி உள்ள ஸ்கிராப்பர்ல மாட்டினதா இருக்கணும். சலூன்ல கொடுக்கிற பாதி பிளேடை விரல்ல பிடிச்சுக்கிட்டு இறங்காதீங்க, விரல் உங்களோடது. சோப்புத் தண்ணி சொட்டச் சொட்ட இருக்கணும். பிளேடைப் படுக்க வெச்சு முன்னாடி மட்டும் தள்ளணும், பின்னாடி இழுக்கக் கூடாது. துரு ஏறின பிளேடு, ஸ்டீல் ஸ்கிரப்பர், உப்புத்தாள்... மூச்! பின் கண்ணாடியில மெல்லிசா ஆரஞ்சு கலர் கோடுகள் ஓடுமே, அது பனியை நீக்குற ஹீட்டர் கம்பி. உள்பக்கம் பிளேடு பட்டா அறுந்துடும். கண்ணாடியில ஃபிலிம் ஒட்டியிருந்தா அங்கேயும் பிளேடுக்கு நோ என்ட்ரி.

பெட்ரோல் ஐடியா கொடுத்த ஃப்ரெண்டு இருக்கானே, அவனை ஒரு வாரம் கேன்டீன் பில் கட்டச் சொல்லணும். பெட்ரோல் பசையைக் கரைக்கும், உண்மைதான். ஆனா மைனஸ் 40 டிகிரி பக்கத்துலயே தீப்பிடிக்கிற அளவு ஆவி விடற சமாச்சாரம் அது. நம்ம ஊரு மே மாசத்துல கேட்கணுமா? அந்த ஆவி காத்தை விட கனம். மேல போகாது, வண்டித் தரையில, சீட்டுக்கு அடியில போய்த் தேங்கும். ஆம்னியில முன் சீட்டைத் தூக்கினா என்ன இருக்கும்? இன்ஜின்! பக்கத்துலயே பேட்டரி வயரிங். ஒரு சின்னப் பொறி போதும். ஷெட்ல அண்ணன்கள் பெட்ரோல்ல கை கழுவுறாங்களேன்னு கேட்காதீங்க, அதுவும் தப்புதான். தின்னரும் இதே லிஸ்ட்.

பைக் பார்ட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. ஹெல்மெட் வைசர்ல ஒட்டின ஸ்டிக்கருக்கு இந்தக் கண்ணாடி வைத்தியம் எதையும் பண்ணாதீங்க. அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் பட்டா சிலந்தி வலை மாதிரி நுணுக்கமா விரிசல் விடும், பலமும் போயிடும். சோப்புத் தண்ணியில ஈரத் துணியைச் சுத்தி ஊற வெச்சு, விரலால உருட்டி எடுக்கிறதோட நிறுத்திக்கங்க. வரலைன்னா புது வைசர் வாங்கிடறது உத்தமம்.

மறுபடி ஆம்னிக்கு. பசை போயிடுச்சுன்னதும் விசிலடிச்சுட்டுக் கிளம்பிடாதீங்க. இப்ப கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் படலம். இதை அப்படியே விட்டா, முதல் மழைக்கு வைப்பர் ஓட ஓட அது முழுக்கப் பரவி, எதிர் வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியாது. பழைய திட்டே தேவலாம்னு ஆயிடும். பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு ரெண்டு தடவை கழுவுங்க. வைப்பர் ரப்பரையும் தூக்கி அதே சோப்புத் துணியால துடைங்க. கடைசியா ஸ்பிரிட்ல ஒரு துடை. அப்புறம் கண்ணாடி மேல 'ஹா'னு ஊதிப் பாருங்க. மிச்சம் மீதி இருந்தா ஆவியில உருவம் தெரியும்.

சில நேரம் எல்லாம் போன பிறகும் பனி படியும்போது பழைய ஸ்டிக்கரோட நிழல் மட்டும் தெரியும். ஆவி மாதிரி! பல வருஷம் மூடியிருந்த இடமும் வெயில் பட்ட இடமும் வேற வேற மாதிரி ஈரத்தைப் பிடிக்கிறதால வர்ற வித்தை அது. ஹெட்லைட் டெஸ்ட்ல தெரியலைன்னா விட்டுடுங்க. தெரிஞ்சா, கண்ணாடி பாலிஷுக்குன்னே இருக்கிற சீரியம் ஆக்ஸைடு பவுடரைத் தண்ணியில குழைச்சு லேசா தேய்க்கலாம். டிரைவர் கண்ணுக்கு நேரா இருக்கிற இடத்துல வெறி கொண்டு தேய்க்காதீங்க, கண்ணாடி அங்கே குழிஞ்சு லென்ஸ் மாதிரி காட்ட ஆரம்பிச்சுடும்.

செலவு? தேங்காய் எண்ணெய் வீட்டுல இருக்கு. கார்டு காலாவதியானது. ஸ்பிரிட்டும் பாத்திர லிக்விடும் உங்க பாக்கெட் மணியிலயே முடிஞ்சுடும். கண்ணாடி மாத்தற காசு அப்பாகிட்டயே இருக்கட்டும். எல்லாம் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி அப்பாவை டிரைவர் சீட்டுல உட்கார வெச்சு அந்த பைக் ஹெட்லைட் டெஸ்ட்டைப் பண்ணிப் பாரு தம்பி. உன் கண்ணு சொல்றது கணக்குல வராது, அவர் கண்ணு என்ன சொல்லுதுன்னு கேளு. பசை போன பிறகும் தலையைச் சாய்ச்சார்னா கண்ணாடி மேல தப்பு இல்லை. திண்டுக்கல் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியிலயோ மதுரையிலயோ ஒரு கண் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. கண் புரையா இருந்தாலும் ராத்திரி வெளிச்சம் இப்படித்தான் விரியும்.

அப்புறம் மத்தவங்களுக்கு... ஜூன்ல புது பார்க்கிங் பாஸ் தருவாங்க. அதை வாங்கினதும் பின்பக்கத்தை உரிக்காதீங்க. ஸ்டேஷனரி கடையில கிடைக்கிற டிரான்ஸ்பரன்ட் ஷீட்ல பாஸை ஒட்டி, அந்த ஷீட்டோட நாலு மூலைக்கு மட்டும் சின்னதா டேப் போட்டு, உள்பக்கமா, டிரைவர் பார்வைக்குக் குறுக்கே வராத கீழ் மூலையில நிறுத்துங்க. செக்யூரிட்டி அண்ணனுக்கும் தெரியும், அடுத்த வருஷம் ரெண்டு நிமிஷத்துல கழட்டவும் முடியும்.